கல்லூரி மாணவர்கள் நடுநிலைப் பள்ளியில் கோடிங் சொல்லித்தருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதிக் கல்லூரி மாணவர்களை அரசு நடுநிலைப் பள்ளிகளுக்கு அழைத்துப்போய், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித்தரும் வேலையை ஒருங்கிணைத்துவருகிறேன். ஒவ்வொரு கல்வியாண்டும் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். தலைமை ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்பவையும் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

எனக்கே கோடிங் சுமாராத்தான் வரும். படிக்கிறதும் பி.காம். நான் வரலாமா?

தாராளமாக வரலாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியவை நான்கைந்துதான்: ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது, அதையே திரும்பத் திரும்பச் செய்யவைப்பது, 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று நிபந்தனை போடுவது, விளையாட்டில் வரும் மதிப்பெண் போன்ற ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வது. சில நாள் மாலையில் உட்கார்ந்தால் யாருக்கும் பிடிபட்டுவிடும். வணிகவியலும் தமிழ் இலக்கியமும் படிப்பவர்கள் பல நேரம் கணினித் துறை மாணவர்களைவிடப் பொறுமையாகச் சொல்லித்தருவதைப் பார்க்கிறேன். எந்த இடத்தில் குழப்பம் வரும் என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒன்று மட்டும் கட்டாயம். வகுப்புக்குக் கொண்டுபோகும் பயிற்சியை முன்கூட்டியே நீங்களே தொடக்கம் முதல் கடைசி வரை ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். பேருந்தில் வரும்போது செல்பேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

எதுக்கு ஸ்க்ராட்ச்? நேரா பைத்தானே சொல்லிக்கொடுத்துடலாமே?

ஸ்க்ராட்ச், அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007இல் வெளியிட்ட இலவச மென்பொருள். கட்டளைகள் வண்ணக் கட்டங்களாக இருக்கும். அவற்றை இழுத்து ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையில் இருக்கும் பூனை அதன்படி நடக்கும், திரும்பும், பேசும். எட்டு முதல் பதினாறு வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்தது இது. இதற்கு முன்னோடி 1967இல் பிறந்த லோகோ மொழி. ஓர் ஆமையை நகர்த்திப் படம் வரையும்போது பிள்ளைகளுக்குக் கணக்கு தானாக விளங்கும் என்று நம்பிய சீமோர் பேப்பர்ட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் அதை உருவாக்கினார்கள்.

கட்டளைகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து எழுதும் பைத்தான் அருமையான கணினி மொழிதான். ஆனால் கீபோர்டை இப்போதுதான் தொடும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வரி ஆங்கிலத்தில் அடிக்கவே சில நிமிடம் ஆகும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வரும். பிள்ளை யோசிக்க வேண்டிய நேரமெல்லாம் எழுத்து தேடுவதில் போய்விடும். ஸ்க்ராட்ச்சில் பொருந்தாத கட்டம் பொருந்தவே பொருந்தாது, அதனால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே ஸ்க்ராட்ச் வருகிறது. இப்போது கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அன்றைக்கு அது பழகிய விஷயமாக இருக்கும்.

எட்டாம் வகுப்பில் நன்றாகப் பிடித்துக்கொண்ட இரண்டு மூன்று பேருக்குப் பைத்தானைத் தாராளமாகக் காட்டுங்கள். அதிலும் ஆமையை வைத்து வரையும் வசதி இருக்கிறது. ஸ்க்ராட்ச்சில் வரைந்த அதே படத்தை அங்கே வரையச் சொன்னால் சுலபமாக மாறிக்கொள்வார்கள்.

யார்கிட்ட அனுமதி வாங்கணும்? சும்மா போய் நின்னா விடுவாங்களா?

விட மாட்டார்கள், விடவும் கூடாது. முதலில் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். காலை வழிபாட்டு நேரமும் மதிய உணவு நேரமும் அவருக்கு ஓயாத வேலை. பிற்பகலில் போங்கள். அவர் சம்மதித்தால், உங்கள் துறைத் தலைவரோ என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலரோ கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கொடுங்கள். யார் யார் வருகிறார்கள், எந்தக் கிழமை, எந்த நேரம், எந்த வகுப்புக்கு, என்ன சொல்லித்தரப் போகிறார்கள், கட்டணம் எதுவும் இல்லை என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர் வரை கடிதம் போகும். அதற்குச் சில வாரம் பிடிக்கலாம். வகுப்பு தொடங்க நினைக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச வாய்ப்புக் கேட்பது நல்லது. பெற்றோரின் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

"நீங்க வர்றது சந்தோஷம் தம்பி. அந்த ஒரு பீரியட் எங்க ஆசிரியர் வேற வகுப்பைப் பார்த்துக்கலாம்ல?" என்று ஹெச்.எம். கேட்கிறார். என்ன சொல்வது?

ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளியில் இது நியாயமான எதிர்பார்ப்புதான். இருந்தாலும் பணிவாக மறுத்துவிடுங்கள். பிள்ளைகளின் பொறுப்பு பள்ளியுடையது. வகுப்பறையில் ஓர் ஆசிரியர் இருந்தே ஆக வேண்டும். உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

இதில் வேறொரு நன்மையும் இருக்கிறது. பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் ஆசிரியர் கொஞ்ச நாளில் எழுந்து வந்து ஒரு கணினியைப் பார்த்துக்கொள்ள ஆரம்பிப்பார். நீங்கள் தேர்வுக்குப் போகும் வாரங்களில் அவரே வகுப்பை நடத்துவார். நீங்கள் போன பிறகும் பள்ளியில் இருக்கப்போகிறவர் அவர்தான். அவரை 'சார்', 'மேடம்' என்று மரியாதையாக நடத்தி, ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் இன்றைக்கு இதுதான் செய்யப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? சர்டிஃபிகேட் தருவாங்களா?

வகுப்பு ஒரு மணி நேரம், போக்குவரத்து, அதற்கு முந்தைய தயாரிப்பு எல்லாம் சேர்த்து வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். என்.எஸ்.எஸ். தொண்டர்கள் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். திட்ட அலுவலரிடம் முன்பே பேசிவைத்தால் இதை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். சான்றிதழையும் அவர் வழியாகவே கேளுங்கள்.

ஒரு பள்ளிக்கு மூன்று பேர் கொண்ட அணி போதும். மூவரில் இருவராவது எந்த வாரமும் தவறாமல் போக வேண்டும். பெரிய கூட்டமாக ஒருநாள் போய் முகாம் நடத்திவிட்டுத் திரும்புவதை நான் ஊக்குவிப்பதில்லை. அன்றைக்குப் பிள்ளைகள் குதூகலமாக இருப்பார்கள். அடுத்த வாரம் கேட்டால் பூனை மட்டும்தான் நினைவிருக்கும்.

முதல் நாள் என்ன செய்யறது?

பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். கணினியைத் திறந்ததும் விளக்கவுரை வேண்டாம். பச்சைக் கொடியைச் சொடுக்கினால் பூனை பத்து அடி நகரும்படி இரண்டு கட்டங்களை மட்டும் பொருத்திக் காட்டிவிட்டு, 'பூனையைச் சுவர் வரைக்கும் ஓடவைங்க பார்ப்போம்' என்று விட்டுவிடுங்கள். ஒரு பிள்ளை கொடியை விடாமல் சொடுக்கும். இன்னொன்று பத்தை ஆயிரம் ஆக்கும். வேறொன்று 'நகர்' கட்டத்தையே இருபது தடவை அடுக்கும். மூன்றும் சரியான விடைதான். இருபது கட்டம் அடுக்கிய பிள்ளையிடம் 'திரும்பச் செய்' கட்டத்தைக் காட்டும்போது அதன் முகத்தைப் பாருங்கள். சுழற்சி எதற்கு என்று நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது.

கடைசிப் பத்து நிமிடம் பூனைக்குப் பேச்சு கொடுக்கும் கட்டத்தைக் காட்டுங்கள். தங்கள் பெயரைப் பூனை சொல்வதைப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் வீட்டுக்குப் போகக் கூடாது.

லேப்ல ஓடுறதே ஆறு கம்ப்யூட்டர்தான். பிள்ளைங்க முப்பத்தஞ்சு பேர். எப்படிச் சமாளிக்க?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி கணினியில் இருக்கும்போது இன்னொரு பாதி தரையில் சாக்பீஸ் கட்டத்திலோ நோட்டிலோ வேலை செய்யட்டும். அரை மணி நேரத்தில் மாற்றிவிடுங்கள். இதற்காகவே அணியில் மூன்று பேர்.

ஒரு கணினிக்கு மூன்று பேர் வரை உட்காரலாம். ஒருவர் கையில் மவுஸ், ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுவார், மூன்றாமவர் நோட்டில் எழுதுவார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைதட்டி இடம் மாற்றுங்கள். மவுஸ் பிடித்திருப்பவர் தன் இஷ்டத்துக்குச் செய்யக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதைத்தான் செய்ய வேண்டும் என்பது விதி. இப்படி வைத்தால் மூன்று பேரும் வாய்விட்டுப் பேசி யோசிப்பார்கள். ஆளுக்கொரு கணினி இருந்த வகுப்புகளில்கூட நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

உங்கள் சொந்த மடிக்கணினிகளைக் கொண்டுபோகலாம். ஆனால் ஹெச்.எம். அனுமதியுடன், உங்கள் சொந்தப் படங்களும் கணக்குகளும் திறக்காதபடி தனிப் பயனராக அமைத்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

நெட் வராது. கம்ப்யூட்டரும் ரொம்பப் பழசு. ஸ்க்ராட்ச் ஓடுமா?

நெட் தேவையே இல்லை. விண்டோஸ் 10 இருந்தால் ஸ்க்ராட்ச் 3 செயலியைப் பென் டிரைவில் கொண்டுபோய் நிறுவிக்கொள்ளலாம். எழுதியதைக் குரலில் பேசவைப்பது, மொழிபெயர்ப்பது போன்ற சில கூடுதல் வசதிகள் மட்டும் நெட் இல்லாமல் இயங்காது. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. விண்டோஸ் 7 இருக்கும் இயந்திரங்களில் பழைய ஸ்க்ராட்ச் 2 ஓடும். லினக்ஸ் போட்ட இயந்திரம் என்றால் இன்னும் பழைய 1.4 பதிப்பைப் போடலாம். வகுப்பில் எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு முகப்பு மாறும், பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

நிறுவுவதை வகுப்பு நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சனிக்கிழமை ஆசிரியரைக் கேட்டுக்கொண்டு போய், எந்த மவுஸ் வேலை செய்யவில்லை, எந்த யு.பி.எஸ். இரண்டு நிமிடத்தில் அணைகிறது என்பதையெல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள்.

கரண்ட் போயிடுச்சுன்னா அன்னைக்கு வகுப்பு அவ்வளவுதானா?

அப்படிப்பட்ட நாளில்தான் நல்ல வகுப்பு நடக்கும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் கணினியே இல்லாமல் கணினி அறிவியல் சொல்லித்தரும் பயிற்சிகளை உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஐந்து அட்டை விளையாட்டு. அட்டைகளில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள் இருக்கும். ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு அட்டை கொடுங்கள். அட்டையைக் காட்டினால் ஒன்று, கவிழ்த்தால் சுழியம். பதின்மூன்று வேண்டும் என்றால் 8, 4, 1 மூன்றும் நிமிர வேண்டும், மற்ற இரண்டும் கவிழ வேண்டும். ஐந்தையும் நிமிர்த்தினால் 31. மாதத்தில் அதிகபட்சம் 31 நாள்தானே, அதனால் எந்தப் பிள்ளையின் பிறந்த தேதியையும் இந்த ஐந்து அட்டையில் காட்டிவிடலாம். 'எனக்கு, எனக்கு' என்று எல்லாரும் எழுந்து வந்துவிடுவார்கள்.

இன்னொன்று, தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஒருவரை ரோபோவாக நிறுத்துவது. மற்றவர்கள் காகிதத்தில் எழுதிய கட்டளையை மட்டும் ரோபோ செய்யும். 'இடப்பக்கம் திரும்பு' என்று எழுதியவர், அது தன் இடமா ரோபோவின் இடமா என்று அங்கேயே சண்டை போட்டுக் கற்றுக்கொள்வார்.

முக்கோணம் வரையச் சொன்னேன். 60 டிகிரி குடுத்தும் வரல. சாஃப்ட்வேர்ல தப்பா?

மென்பொருள் சரியாகத்தான் இருக்கிறது. சமபக்க முக்கோணத்தின் உள்கோணம் 60. ஆனால் பூனை உள்ளே நின்று கோணம் அளப்பதில்லை. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, தான் பார்த்துக்கொண்டிருந்த திசையிலிருந்து எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதே அதற்குக் கணக்கு. அது வெளிக்கோணம், 180இலிருந்து 60 போக 120. சதுரத்தில் உள்ளேயும் வெளியேயும் 90தான் என்பதால் அங்கே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இதை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். 60 போட்டு மூன்று முறை ஓடவிட்டால் அறுகோணத்தின் பாதி வந்து நிற்கும். 'இது பாதியிலே நின்னுடுச்சு அக்கா' என்பார்கள். 'அப்போ முடிச்சுக் காட்டு' என்றால் மூன்றை ஆறாக மாற்றுவார்கள், தேன்கூட்டு அறை மாதிரி அறுகோணம் மூடிக்கொள்ளும். முக்கோணம் தேடப்போய் அறுகோணம் கிடைத்த பிறகு, பிள்ளைகளை எழுப்பித் தரையில் முக்கோணமாக நடக்கவிடுங்கள். மூலைக்கு மூலை எவ்வளவு திரும்புகிறோம் என்பது உடம்பிலேயே தெரியும். ஒரு சுற்று முடியும்போது மொத்தம் 360 திரும்பியிருக்கிறோம், அதை மூலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். இதற்கு ஒரு முழு வகுப்பு ஆனாலும் ஆகட்டும்.

சில சின்ன விஷயங்கள்: கோடு வரையும் பேனா வசதியை இடது பக்கம் கீழே இருக்கும் பொத்தானை அழுத்திச் சேர்க்க வேண்டும். பூனையின் அளவை 30க்குக் குறைக்காவிட்டால் அது கோட்டை மறைத்துக்கொண்டு நிற்கும். கண்மூடித் திறப்பதற்குள் வரைந்துவிடுவதால் சுழற்சிக்குள் 'ஒரு வினாடி பொறு' என்ற கட்டத்தையும் போடுங்கள்.

கணக்கே வராத பிள்ளை இதுல பின்தங்கிடாதா?

பல இடங்களில் தலைகீழாக நடக்கிறது. ஸ்க்ராட்ச் மேடையின் நடுப்புள்ளி சுழியம். இடது ஓரம் −240, வலது ஓரம் 240, மேலே 180, கீழே −180. முழுக்கள் பாடத்தில் கழித்தல் குறியைப் பார்த்தாலே மிரளும் பிள்ளை, பூனையை இடது மூலைக்கு அனுப்ப −200 போட வேண்டும் என்பதைச் சிரித்துக்கொண்டே கண்டுபிடிக்கும். அந்த நேரத்தில் 'இதுதாண்டா உன் கணக்குப் புத்தகத்துல இருக்கறது' என்று சொன்னால் போதும்.

கோலத்தையும் முயன்று பாருங்கள். 1970களிலேயே சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் புள்ளிக் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கணமாகப் பார்த்து ஆராய்ந்தார்கள். வகுப்பில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரு வரிசையில் ஐந்து புள்ளி, அப்படி ஐந்து வரிசை, அதாவது சுழற்சிக்குள் சுழற்சி. அடுத்து ஏழில் தொடங்கி நாலில் முடியும் இடுக்குப் புள்ளி. நடு வரிசையில் ஏழு, மேலும் கீழும் போகப் போக ஆறு, ஐந்து, நாலு. இதற்கு வரிசைக்கு வரிசை மாறும் எண் ஒன்று வேண்டும், 'மாறி' (variable) எதற்கு என்பது அங்கே புரியும். தினமும் வாசலில் கோலம் போடும் பெண் பிள்ளைகள் இந்த வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லித்தருவார்கள்.

தமிழ்ல சொல்லவா, இங்கிலீஷ்லயா?

தமிழில். கட்டங்களில் ஆங்கிலம் இருந்தால் இருக்கட்டும். நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்வார்கள், அந்தச் சொற்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். விளக்கம், கேள்வி, பாராட்டு எல்லாம் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழில் இருக்கட்டும்.

பிள்ளை எங்கேயோ மாட்டிக்கிட்டு முழிக்குது. நேரம் வேற ஆகுது. நானே மவுஸை வாங்கிச் சரிபண்ணிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கணினிக்கு அருகே போகும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள் என்று எங்கள் அணிகளிடம் சொல்வேன். நீங்கள் பத்து வினாடியில் சரிசெய்துவிடுவீர்கள். பிள்ளை 'நன்றி அண்ணா' என்று சொல்லும். ஆனால் தனக்கு இது வராது என்று அதன் மனதில் பதிந்துவிடும்.

அதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேளுங்கள். பூனை என்ன செய்யணும்னு நினைச்சே? இப்போ என்ன செய்யுது? கட்டத்தை மேலிருந்து ஒவ்வொன்றாக வாசிச்சுக் காட்டு. மூன்றாவதுக்கு வரும்போது பாதிப் பேர் 'ஓ!' என்று தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அடிக்கடி வரும் சில பிழைகளை மட்டும் நீங்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள். ஓரத்தில் மோதித் திரும்பும் பூனை தலைகீழாக நடந்தால் சுழலும் முறையை இடது வலது என்று மாற்ற வேண்டும். விளையாட்டை மறுபடி தொடங்கும்போது பழைய மதிப்பெண் அப்படியே நின்றால், கொடியின் கீழே மதிப்பெண்ணைச் சுழியமாக்கும் கட்டம் விட்டுப்போயிருக்கிறது. தெரிந்திருந்தாலும் உடனே சொல்லிவிடாதீர்கள்.

பசங்களே மவுஸைப் பிடிச்சுக்கிறாங்க. பொண்ணுங்க பின்னாடி நின்னு வேடிக்கை பார்க்கிறாங்க. என்ன பண்றது?

கவனித்ததே பெரிய விஷயம், பலர் இதைப் பார்ப்பதே இல்லை. முன்பு சொன்ன ஐந்து நிமிட மாற்றத்தைக் கறாராக நடத்தினால் பாதி சரியாகிவிடும். மீதிப் பாதிக்கு, தொடக்க வாரங்களில் பெண் பிள்ளைகளைத் தனிக் குழுக்களாகவே உட்காரவையுங்கள். யார் கையும் குறுக்கே வராதபோது எவ்வளவு வேகமாகப் போகிறார்கள் என்று பாருங்கள். பிறகு குழுக்களைக் கலக்கலாம்.

உங்கள் அணியில் ஓர் அக்காவாவது கட்டாயம் இருக்க வேண்டும், முன்னால் நின்று நடத்துவதும் அவராக இருக்கட்டும். புரொஜெக்டர் வயரை மாட்டுவதையும் அவரே செய்யட்டும்.

ஒருத்தன் பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு அடுத்தவனை நோண்டுறான். இன்னொருத்தன் ஆரம்பிக்கவே இல்ல.

ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு வால் வைத்துக்கொள்ளுங்கள். சதுரம் முடித்தவருக்கு ஐந்து சதுரம் பூ மாதிரி, அதையும் முடித்தவருக்கு நிறம் மாறும் பூ. முடித்தவரை உதவிக்கு அனுப்பலாம், ஆனால் கை கட்டும் விதி அவருக்கும் உண்டு. ஆரம்பிக்காத பிள்ளையிடம் தனியாகப் போய் உட்காருங்கள். பெரும்பாலும் மவுஸை இழுத்துவிடத் தெரியாததுதான் காரணமாக இருக்கும், கேட்க வெட்கம். இரண்டு நிமிடத்தில் தீரும் விஷயம் அது.

சத்தம் தாங்கல. ஒரு அடி போட்டாத்தான் அடங்குவாங்க போல. திட்டலாமா?

அடிக்கவோ, மட்டம் தட்டவோ, மண்டியிடவைக்கவோ கூடாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. பக்கத்தில் யாராவது அடித்தாலும் நீங்கள் அதில் சேராதீர்கள். கணினி வகுப்பில் சத்தம் இருக்கத்தான் செய்யும். வேலையைப் பற்றிய சத்தமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நீங்கள் பேச வேண்டும் என்றால் 'எல்லாரும் மவுஸிலிருந்து கையை எடுங்க' என்று சொல்லிவிட்டு, எல்லாரும் எடுக்கும் வரை காத்திருங்கள்.

ஃபோட்டோ எடுத்து இன்ஸ்டாகிராம்ல போடலாமா? பிள்ளைங்க நம்பர் கேட்டா கொடுக்கலாமா?

பெற்றோரும் பள்ளியும் எழுத்தில் சம்மதிக்காமல் பிள்ளைகளின் முகம் தெரியும் படம் எங்கும் போகக் கூடாது. திரையையும் கைகளையும் மட்டும் எடுத்தால் போதும், அறிக்கைக்கு அதுவே தாராளம். செல்பேசி எண், சமூக ஊடக நட்பு இரண்டும் வேண்டாம். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் ஆசிரியர் வழியாகச் சொல்லட்டும். தனி அறையில் ஒரு பிள்ளையுடன் தனியாக இருக்காதீர்கள், கதவு திறந்தே இருக்கட்டும். ஸ்க்ராட்ச் தளத்தில் பிள்ளைகள் பெயரில் கணக்குத் தொடங்கவும் அவசியமில்லை. கோப்புகளைப் பென் டிரைவில் சேமித்துக்கொள்ளலாம்.

ஒரு பிள்ளை வீட்டுல நடக்கிற கொடுமையைச் சொல்லி அழுதுச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லுது. என்ன பண்ணணும்?

அமைதியாகக் கேளுங்கள், குறுக்குக் கேள்வி கேட்டுக் குடையாதீர்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 'உனக்கு உதவக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்றேன்' என்று சொல்லுங்கள். அன்றைக்கே தலைமை ஆசிரியரிடமும் உங்கள் திட்ட அலுவலரிடமும் தெரிவியுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 எந்த நேரமும் இயங்கும். பாலியல் தொல்லை என்றால், தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். பள்ளி மூடி மறைக்கப் பார்த்தாலும் நீங்கள் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லியே ஆக வேண்டும்.

"இதைப் படிச்சா என் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா சார்? டியூஷனுக்கு வேற நேரம் ஆகுது." ஓர் அம்மா கேட்டால் என்ன சொல்ல?

வேலை கிடைக்கும் என்று சொல்லாதீர்கள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு அப்படி யாரும் உறுதி கொடுக்க முடியாது. பிள்ளை செய்த விளையாட்டை அந்த அம்மாவுக்கே காட்டச் சொல்லுங்கள். பருவத்துக்கு ஒருமுறை பெற்றோரை அழைத்து, பிள்ளைகளே நின்று விளக்கும் நாள் ஒன்று வையுங்கள். பூனை ஏன் அப்படிப் போகிறது என்று மகள் காரணம் சொல்வதைக் கேட்ட தாய் டியூஷன் நேரத்தைத் தானே மாற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். முடிந்தவரை வகுப்பைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே கேட்டு வாங்குங்கள். மாலையில் வைத்தால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள்தான் முதலில் நின்றுபோவார்கள்.

ஏ.ஐ.யே கோடு எழுதிக்கொடுக்குது. இனிமே இதையெல்லாம் கத்துக்கிட்டு என்ன ஆகப்போகுது?

முக்கோணக் கேள்விக்குத் திரும்புங்கள். 60 போட்டும் ஏன் வரவில்லை என்று தேடிய பிள்ளை அன்றைக்குக் கற்றது எந்த மென்பொருளுக்கும் சொந்தமானதல்ல. நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று, இரண்டுக்கும் நடுவே எங்கே விலகியது என்று படிப்படியாகப் பார்க்கக் கற்றது. ஏ.ஐ. எழுதிக்கொடுத்ததைச் சரிபார்க்கவும் அதே பழக்கம்தான் தேவை. அந்தப் பழக்கம் இல்லாதவர் வந்த விடையை அப்படியே நம்ப வேண்டியதுதான்.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயதாக வேண்டும் என்று விதி இருக்கிறது, உங்கள் வகுப்பில் பெரும்பாலோர் அதற்குக் கீழே. அதனால் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்காதீர்கள். எட்டாம் வகுப்பில் நீங்களே திரையில் ஒருமுறை காட்டி, அது கொடுத்த விடையில் தவறு கண்டுபிடிக்கச் சொல்லலாம். மிகவும் உற்சாகமாகத் தேடுவார்கள்.

காலேஜ்ல எத்தனை பேருக்குக் கத்துக்கொடுத்தீங்கன்னு ரிப்போர்ட் கேட்கிறாங்க. வெறும் எண்ணிக்கை போட்டா போதுமா?

எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கையைக் கொடுங்கள். கூடவே வேறொன்றையும் எழுதுங்கள். புதிதாக ஒரு சின்ன வேலையைக் கொடுத்து, உதவி இல்லாமல் எத்தனை பிள்ளைகள் செய்தார்கள் என்று பருவக் கடைசியில் பாருங்கள். உதாரணமாக, பூனை எலியைத் தொட்டால் ஒரு மதிப்பெண் கூட வேண்டும். சுழற்சி, நிபந்தனை, மாறி மூன்றும் அதில் வந்துவிடும். பாதிப் பேர் செய்தாலே நல்ல பருவம் அது. செய்ய முடியாதவர்கள் எங்கே நின்றார்கள் என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள், அடுத்த அணிக்கு உதவும்.

நடுவுல எங்களுக்கு செமஸ்டர், அவங்களுக்குக் காலாண்டு. மழை லீவு வேற. தொடர்ச்சியே இல்லையே?

ஜூலையிலேயே இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, இடையில் வடகிழக்குப் பருவமழை, உங்கள் செமஸ்டர் தேர்வு. இவை போக மிஞ்சும் வாரங்களுக்கு மட்டும் திட்டம் போடுங்கள். ஒவ்வொரு வகுப்பும் தானாக முடியும்படி இருக்கட்டும். இரண்டு வாரம் விட்டு வந்தாலும் அன்றைய வேலையை அன்றே முடிக்க முடிய வேண்டும். வர முடியாத வாரத்தை முந்தைய வாரமே பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நாங்க ஃபைனல் இயர். முடிச்சுட்டுப் போனப்புறம் அந்தப் பள்ளி என்ன ஆகும்?

கடைசிப் பருவத்தில் நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இதுதான். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவரை ஜனவரியிலேயே உடன் அழைத்துப்போங்கள். முதலில் பார்க்கட்டும், பிறகு ஒரு குழுவை எடுத்துக்கொள்ளட்டும், மார்ச்சில் அவர்களே வகுப்பை நடத்தட்டும், நீங்கள் ஆசிரியருக்குப் பக்கத்தில் பின்வரிசையில் உட்காருங்கள். ஹெச்.எம்.மிடம் நேரில் அழைத்துப்போய் அறிமுகம் செய்யுங்கள்.

ஒரு நோட்டும் கைமாற வேண்டும். எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு, எது எப்போது மக்கர் பண்ணும், ஒவ்வொரு வாரமும் என்ன நடந்தது, எந்தப் பயிற்சி எடுபடவில்லை, லேப் சாவி யாரிடம் இருக்கும், இவையெல்லாம் அதில் இருக்கட்டும். பிள்ளைகளின் கோப்புகள் உள்ள பென் டிரைவை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஆறாம் வகுப்பில் உங்களிடம் தொடங்கியவர்கள் ஏழாம் வகுப்பில் புதிய அண்ணன் அக்காவோடு அங்கிருந்தே தொடரலாம்.